மேஸ்திரி கொடுத்த இரவுகள்

சே. சிரில், சிறை வார்டர். பிறந்த நாள்: 1974 பிப்ரவரி 11. பிறந்த இடம்: கோலார் தங்கவயல், கோரமண்டல், தொழிலாளர் குடியிருப்பு வரிசை. தந்தை சேவியர், சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்தும் டிம்பர்மேன். பணியில் சேர்ந்தது: 2003 ஆகஸ்ட் 4. திருமணம்: 2005 மே 23, மனைவி அமலா, ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரவு ஆயா. பிள்ளைகள் இல்லை. சிறையில் பணிப்பட்டியலைச் செயலி தயாரிக்கத் தொடங்கியது: 2024 அக்டோபர் 1. சிரிலின் வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது: 2025 ஜனவரி 9.

கடைசி இரண்டு தேதிகளும் ஒன்றையொன்று அறியாதவை. முதலாவது, மாலூருக்கும் பெங்களூருக்கும் நடுவே, ரயிலடியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரவேண்டிய ஒரு சிறையில் நிகழ்ந்தது. இரண்டாவது, கோரமண்டலில் சுரங்க மண்மேட்டைப் பார்த்து நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் நிகழ்ந்தது. இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டவர் சிரில்.

அந்தச் சிறையில் தங்கவயல்காரர்கள் நான்கு பேர். மூத்தவர் தங்கவயலின் பாலகாட்டுப் பகுதியைச் சேர்ந்த பாக்கியராஜ். ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. அடுத்தவர் சிரில். பிறகு விநாயக்; துறைத் தேர்வு எழுதி ஜெயிலராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பவர். கடைசியாக ஸ்கெலட்டன் வரிசையைச் சேர்ந்த ரூபேஷ். இரட்டைக் குழந்தைகளின் தகப்பன். வேளை ஒத்துப்போகும் நாட்களில் நால்வரும் ஒரே பெட்டியில் ஏறுவார்கள், ஒரே பெட்டியிலிருந்து இறங்குவார்கள். மற்ற வார்டர்கள் இவர்களை ‘ரயில் செட்’ என்றார்கள்.

ரயில் செட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு ‘மாத்து’ என்று பெயர். சுரங்கம் ஓடிய காலத்தில், ஒருவன் வீட்டில் விசேஷமோ சாவோ வந்தால், பக்கத்து வீட்டுக்காரன் அவனுடைய ஷிப்டுக்குக் கேஜ் என்ற சுரங்கக் கூண்டில் இறங்கிவிடுவான். மறுபடி எப்போதாவது இவன் அவனுக்காக இறங்குவான். இறங்கிய தலைகளும் ஏறிய தலைகளும் சரியாக இருந்தால் மேலே இருப்பவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்பன்மார் செய்ததைப் பிள்ளைகள் சிறைக்குள்ளும் செய்தார்கள். தலைமை வார்டரின் பட்டியலில் பாக்கியராஜ் பெயர் இருக்கும். இரவு வாசலில் சிரில் வந்து விரல் ரேகை வைப்பார். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாரும் பொருட்படுத்தவில்லை. காகிதத்தில் ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

மற்ற மூவருக்கும் இரவுப் பணி வேப்பங்காய். சிரிலுக்கு அது கேட்டு வாங்கிய வரம். காரணம் அமலா. அவளுக்கு ஆயுள் முழுக்க இரவு டூட்டிதான். கணவன் பகலில் போய், மனைவி இரவில் போனால், இருவரும் வாசற்படியில் பார்த்துக்கொள்வதோடு சரி. அதனால் மூவருடைய இரவுகளையும் சிரில் வாங்கிக்கொண்டார். காலை ரயிலில் அவர் கோரமண்டலில் இறங்குவார். பஸ்ஸில் அவள் வந்து சேருவாள். ஜன்னலுக்குக் கோணி கட்டி இருட்டாக்கிக்கொண்டு இருவரும் தூங்குவார்கள். மதியம் எழுந்து சமைப்பார்கள், சண்டை போடுவார்கள், சீட்டாடுவார்கள். ஊரெல்லாம் வேலைக்குப் போயிருக்கும் வேளையில் அந்த வரிசையில் அவர்கள் வீட்டில் மட்டும் பேச்சுச் சத்தம் கேட்கும். நான்கு வருடம் அப்படிப் போயிற்று.

செயலி முதலில் உதவியாகத்தான் வந்தது. பணி முடிந்ததும் எழுதவேண்டிய அறிக்கையை வாயால் சொன்னால் போதும். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாலும் அது ஒழுங்கான கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது. எந்தக் கைதிக்கு நாளை கோர்ட்டு, எவனுக்கு எந்த வேளை மாத்திரை, யார் இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்புகிறான் என்பதையெல்லாம் அதுவே நினைவூட்டியது. முன்பு அறிக்கை எழுதி முடிப்பதற்குள் ரயில் போய்விடும். இப்போது சிரில் நிதானமாக டீ குடித்துவிட்டு ரயில் ஏறினார். அதற்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

“நல்ல மேஸ்திரிபா,” என்பார். “அந்தக் காலத்து மேஸ்திரி மாதிரி கமிஷன் கேக்கறதில்ல. குடிச்சிட்டு வந்து கதவ ஒதைக்கறதில்ல.”

“கொஞ்ச நாளு போவட்டும்,” என்பான் ரூபேஷ். “அதுக்கும் ஒரு பிராந்திக்கட காட்டிக் குடுத்துடுவ நீ.”

அக்டோபரில் பணிப்பட்டியல் போடும் வேலையும் மேஸ்திரியிடம் போயிற்று. யார் எந்த வேளைக்கு வந்தார்கள் என்ற பல வருட விரல் ரேகைப் பதிவுகளை அது வாசித்து, அவரவருக்கு எது ஒத்துவருகிறது என்று கணித்து, பட்டியலை வரைந்தது. வாசலில் விரல் ரேகை எந்திரத்தை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கேமரா வைத்தார்கள். பட்டியலில் பெயர் இல்லாத வேளையில் வந்து நின்றால் கதவு திறக்காது. அத்துடன் மாத்து செத்தது. ஆனால் யாருக்கும் வருத்தம் இல்லை. பாக்கியராஜுக்கும் விநாயக்குக்கும் ரூபேஷுக்கும் பகல், சிரிலுக்கு இரவு. ஒருவரை ஒருவர் கெஞ்சி வாங்கிக்கொண்டிருந்ததை மேஸ்திரி கேளாமலே கொடுத்தது. ரயில் செட் அந்த மாதம் பங்காருப்பேட்டையில் வடை வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடியது.

நவம்பரில் அமலா வேலையை விட்டாள். அதற்கு முன்பே இருமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரிக்கு வரும் இருமல் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்றார். காரணம் கண்டுபிடிக்க முடியாத வகை என்றார். இறுகியது இளகாது, இனி இரவும் பகலும் ஆக்சிஜன் வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னார். அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தில் இயந்திரம் வந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டியாக உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோரமண்டல் வரிசை வீடுகளின் ஒயர்கள் சுரங்கக் காலத்தவை. காற்றடித்தால், இரண்டு தூறல் விழுந்தால், கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டர் முக்கால் மணி நேரம் இழுக்கும். அதற்கு மேல், சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கும் சிலிண்டரை ஸ்பேனரால் திறந்து, குழாயை மாற்றி, அளவு வைக்க வேண்டும். பதினேழு வருடம் மற்றவர்களுக்கு அதைச் செய்தவள் அமலா. ஆனால் மூச்சு குறையும்போது முதலில் போவது கையின் பலம். அடுத்துப் போவது நிதானம். பகலில் வரிசையில் யாராவது இருப்பார்கள். இரவில் ஒரு ஆள் கூடவே இருந்தாக வேண்டும்.

மார்ச் வரை பக்கத்து வீட்டு சோனியா இருந்தாள். இயந்திரம் கூவினால் நடுச்சுவர் வழியாக அவளுக்குக் கேட்கும், ஓடி வந்துவிடுவாள். பிறகு ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள். மூன்றாம் இரவு அமலாவின் உதடு நீலமானதைப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் அவள் வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால் மருத்துவத் திட்டமும் இயந்திரமும் கூடவே போய்விடும். சொந்த ஊருக்கு மாறுதல் கேட்ட மனு வரிசையில் எங்கோ நின்றது. சிரிலுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரவில் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் பட்டியலில் அவருக்குப் பத்தொன்பது இரவுகள் இருந்தன.

பட்டியலைப் பார்க்கும் தலைமை வார்டர் மஞ்சுநாத், முள்பாகல்காரர். கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுபவர். சிரிலை உட்காரச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“நோடு சிரில், நீயே பாரு. உன் பேருக்கு எதிர்ல இன்னா போட்டிருக்கு? விருப்பம், இரவு. நம்பகம், தொண்ணூத்தாறு பர்சென்ட். எனக்கே என் பொண்டாட்டி மேல அவ்வளோ நம்பகம் இல்லப்பா.”

“அது அப்போ சார். இப்போ வூட்ல நெலம வேற.”

“எனக்குத் தெரியும்ப்பா. அதுக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷமா நீ ராத்திரி ராத்திரி வந்து கைய வெச்சிருக்க. ஒரு நாளு லேட் இல்ல. இந்த மாதிரி ராத்திரிக்காரன் ஜில்லாவுலயே இல்லன்னு அதுக்கு ஒரே சந்தோஷம்.”

“கையால மாத்த முடியாதா சார்?”

“மாத்தலாம். மாசத்துக்கு இத்தனைன்னு கணக்கு உண்டு. பிரசவம் ஒண்ணு, ஆபரேஷன் ஒண்ணு, மீதிய மேலருந்து போன் வந்து வாங்கிட்டாங்க. உனக்கு ரெண்டு நாளு குடுக்கறேன். அதுக்கு மேல என் கையில ஏனு இல்ல.” ஒன்றுமில்லை என்று காட்ட இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.

மனு கொடுக்கச் சொன்னார்கள். மனு எழுதவும் மேஸ்திரியிலேயே வசதி இருந்தது. சிரில் நிலைமையைச் சொன்னார். அது அழகான கன்னடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. ‘இந்தச் சூழ்நிலையின் பின்னுள்ள மனித வேதனையைத் தாங்கள் உணர்வீர்கள் எனப் பணிவுடன் நம்புகிறேன்’ என்று அது தொடங்கியது. தாம் பேசியதைவிட நன்றாக இருந்ததால் சிரில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினார். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ‘இந்தச் சூழ்நிலையின் பின்னுள்ள மனித வேதனையை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்’ என்று அது தொடங்கி, பதிவுகளின்படி தற்போதைய பணிப்பங்கீடே மனுதாரரின் விருப்பத்துக்கு மிக அருகில் இருப்பதாக முடிந்தது.

இரண்டையும் அமலாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அவள் மூக்கில் இருந்த குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மாப்ள வூட்டு லெட்டரும் பொண்ணு வூட்டு லெட்டரும் ஒரே ஆளு எழுதினா மாதிரி கீதே! கல்யாணம் எங்கருந்து நடக்கும்?”

சிரித்ததில் மூச்சு முட்டியது. அளவை ஒரு கோடு ஏற்றி வைத்து, முதுகைத் தேய்த்து, அது தணியும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மாலை ரயிலுக்குப் போனார்.

ஏப்ரல் 22 அன்று மாலை தங்கவயலில் கோடை மழை கொட்டியது. சிறைக்குள் போகும்போது வார்டர்கள் கைப்பேசியை வாசல் லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தபோது, தவறிய அழைப்புகளில் அமலாவின் பெயர் திரை கொள்ளாமல் வரிசையாக நின்றது. திரும்ப அழைத்தார், எடுக்கவில்லை. வரிசை வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்தார். அழைத்த ஒருவர் எடுக்கவில்லை; இன்னொருவர் சர்ச்சில் இருந்தார். ரயிலில் உட்காராமல், கதவுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தார். பங்காருப்பேட்டையில் ரயில் வழக்கம்போல நின்றது. வழக்கம்போல நெடுநேரம் நின்றது. இறங்கி ஆட்டோ பிடித்தார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கவில்லை. அமலா தரையில், சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்பேனர். வால்வைத் திறந்திருந்தாள், ஆனால் அளவு வைக்கும் திருகைப் பிடிக்க விரல் வராமல் முழுசாகத் திறந்து விட்டிருந்தாள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதடு மை தொட்டது போல இருந்தது.

“டூட்டி முட்ச்சிதா?” என்றாள்.

மருத்துவமனையில் ஐந்து நாள் இருந்தாள். அவள் வேலை பார்த்த அதே வார்டு. அடுத்த முறை இப்படி ஆனால் இங்கே கொண்டுவர அவசியம் இருக்காது என்று டாக்டர் சிரிலைத் தனியே அழைத்துச் சொன்னார்.

விடுப்பில் இருந்த சிரில், மே முதல் வாரம் சிறைக் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். இளவயதுப் பெண்மணி, எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறவர். அன்றைக்கும் முழுதாகக் கேட்டார். “பதிவைத் தாண்டி நான் ஒன்றும் செய்ய முடியாது. பதிவே தப்பு என்றால் திருத்தலாம்,” என்றார் கன்னடத்தில். “அந்த இரவுகள் உங்களுடையவை அல்ல என்கிறீர்கள். சரி. யாருடையவையோ அவர்கள் எழுதித் தரட்டும். அத்தனையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்து அவரவர் கணக்கில் வைக்கச் சொல்கிறேன். விருப்பம் தானாக மாறிவிடும்.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஆனால் உத்தரவு இல்லாமல் பணி மாற்றியது குற்றம். எழுதித் தருகிறவர்களுக்கு மெமோ கொடுத்தே ஆக வேண்டும். உங்களுக்கும்தான்.”

மறுநாள், டூட்டி இல்லாவிட்டாலும், மற்ற மூவரோடும் ரயில் ஏறிச் சிரில் விஷயத்தைச் சொன்னார். 

“குடு அண்ணா, எங்க கையெழுத்து போடணும்?” என்று ரூபேஷ் கையை நீட்டினான். “மெமோதானே? என் கல்யாணப் பத்திரிகைய விட என்கிட்ட மெமோ ஜாஸ்தி கீது.”

விநாயக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உனக்கு இன்னாடா. எனக்கு எக்ஸாமு கீது. சர்வீஸ் புக்குல மெமோ ஏறினா பூட்ச்சி.”

“மூணு வாட்டி எழுதின. மூணு வாட்டியும் பூட்ச்சி. அப்போ இன்னா மெமோவா ஏறிச்சி?”

“வாய மூட்றா.”

“இல்லண்ணா, கேக்கறேன். ஒம் பொண்ணு பொறந்தப்போ பத்து நாளு யாரு நைட்டு பாத்தது? மேஸ்திரியா?”

விநாயக் காகிதத்தைப் பிடுங்கி, ரூபேஷின் பரம்பரையையே திட்டிக்கொண்டு, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ரயில் ஆடியதில் பேனா காகிதத்தைக் கிழித்தது. “இதுக்கும் சேத்து ஒரு மெமோ குடுப்பாங்க,” என்றார்.

பாக்கியராஜ் காகிதத்தை வாங்கவில்லை. அடுத்த நிலையம் வந்ததும் எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார். மறுநாள் அவர் அந்தப் பெட்டியில் ஏறவில்லை.

சிரில் வாங்கிக்கொண்ட இரவுகளில் பாதிக்கு மேல் பாக்கியராஜுடையவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிரில் பாலகாட்டுக்கு நடந்தே போனார். பாக்கியராஜின் மனைவி தெரசா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அமலாவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

“அண்ணா, ஒரு கையெழுத்து.”

“ஹெட் வார்டர் புரமோஷன் லிஸ்ட்டு வந்துடிச்சி சிரில். ரெண்டாவது பேரு என்னுது. இருபத்தெட்டு வருஷம் கழிச்சி வந்துக்குது. ஜூலைல ஆர்டரு. மெமோ இருந்தா அடுத்த வருஷம்னுவாங்க. அடுத்த வருஷம் நான் ரிடையராயி வூட்ல குந்திக்கினு இருப்பேன்.”

“அமலா அது வரைக்கும் தாங்க மாட்டாண்ணா.”

பாக்கியராஜ் டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

“அன்னிக்கி உன்ன நான் கையப் புடிச்சி இழுத்தேனா? நீயே வந்து கேட்ட. அண்ணா, உன் நைட்ட எனக்குக் குடு, அவளும் நைட்டு நானும் நைட்டு, பகல்ல ஒண்ணா இருப்போம்னு நீ சொல்லல? ஊரே பேசிச்சி, கெழவனும் கெழவியும் மத்தியானத்துல கோணி கட்டிக்கினு கீறாங்கோன்னு. இப்போ வந்து பாக்கியராஜு ஏமாத்தி என் தலையில கட்டிட்டான்னு எழுதச் சொல்ற.”

“ஏமாத்தினன்னு எழுதச் சொல்லலண்ணா. உன் நைட்டு, நான் பாத்தேன். அதான.”

“அதேதான்டா மெமோ.”

சிரில் எழுந்து வந்து பாக்கியராஜின் காலைத் தொட்டார். இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வாளித் தண்ணீரில் முகம் கழுவியவர்கள். பாக்கியராஜ் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார், டீ கொட்டியது.

“டேய், ஏந்திரு. ஏந்திருடா. வாணாம்.” சிரிலின் தோளைப் பிடித்துத் தூக்கினார். “பழைய மாதிரி மாத்துன்னா சொல்லு, நாளைக்கே வந்து உன் நைட்ட பாக்கறேன். மாசம் பூரா பாக்கறேன். அந்தக் கதவு தொறக்கலியே, நான் இன்னா பண்ணட்டும்?”

தெரசா வாசல் வரை வந்தாள். “நான் வாரத்துல ஒரு நாளு அமலா கூட வந்து படுத்துக்கறேன் தம்பி,” என்றாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. சிலிண்டரின் முள்ளை அவளால் பார்க்க முடியாது. சிரில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

இரண்டு வாக்குமூலங்களோடு தம்முடையதையும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. அதற்கான பக்கத்தைச் சிரில் வீட்டில், அமலாவின் கட்டிலருகே உட்கார்ந்து, கைப்பேசியில் திறந்தார். மேஸ்திரி எல்லாவற்றையும் தானே நிரப்பியிருந்தது. ஒரு கேள்வி மட்டும் காலியாக இருந்தது: ‘மேற்கண்ட இரவுப் பணிகளைத் தாங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் ஏற்றீர்களா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

அவர் விரல் வெகுநேரம் கட்டங்களுக்கு மேலேயே நின்றதைப் பார்த்து அமலா கேட்டாள், “இன்னா கேக்குது?”

படித்துக் காட்டினார்.

“ஆமான்னு போட்டா?”

“போட்டா விருப்பம் இரவுன்னே நிக்கும். இந்தக் காயிதம் எதுவும் செல்லாது.”

“அப்போ இல்லன்னு போடு. இதுக்கு இன்னா யோசன?”

சிரில் கைப்பேசியைக் கட்டில்மேல் வைத்தார்.  அமலா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நாலு வருஷம் மத்தியானத்துல என் கையால துன்ன சோறு புடிக்காமதான் துன்னன்னு எழுது. ரம்மியில தோத்ததுக்கு அழுதியே, அதுவும் புடிக்காமதான். எழுது. நான் இன்னா கோச்சிக்கினு எங்க அம்மா வூட்டுக்கா போவப் போறன்? ரெண்டடி தாண்டி இந்தக் கொழாய் வராது.”

“சும்மா இரு அமலா.”

“சும்மாத்தான் கீறன்.”

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். வரிசையின் கோடியில் யாரோ குழாயடியில் குடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒயர்களின் மேல் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன; வானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அந்த நாட்களைப் போல ஒரு காலம் தமக்கு முன்னும் வாய்த்ததில்லை, இனியும் வாய்க்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். மேஸ்திரிக்கும் தெரிந்திருந்தது. நான்கு வருடமும் ஒரு நாள் தவறாமல் எழுதி வைத்திருந்தது. இந்த ஊரில் வேறு யாரும் அதை அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்திருக்கவில்லை. அந்தத் தொண்ணூற்றாறு விழுக்காட்டில் ஒரு பொய்யும் இல்லை.

திரும்பி வந்து ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டார். ‘உறுதியாகவா?’ என்று அது மறுபடி கேட்டது. மறுபடியும் தொட்டார்.

அமலா கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். “பேட்டரி பாத்தியா? மழ வர்றா மாதிரி கீது,” என்றாள்.

மே 16 அன்று மூன்று மெமோக்கள் வந்தன. ரூபேஷுக்கும் விநாயக்குக்கும் சிரிலுக்கும். ரூபேஷ் தன்னுடையதை ராக்கெட்டாக மடித்து ரயில் ஜன்னல் வழியே விட்டான். விநாயக் அதற்குப் பிறகு துறைத் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. பாக்கியராஜ் கடைசிப் பெட்டியில் ஏறி, கடைசியாக இறங்கி, எல்லாரும் போன பிறகு ஷேர் ஆட்டோ பிடித்தார். கண்காணிப்பாளர் சொன்னபடியே செய்தார். ரூபேஷ் கொடுத்த இரவுகளும் விநாயக் கொடுத்த இரவுகளும் சிரிலின் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. பாக்கியராஜ் கொடுத்தவை சிரிலின் விருப்பமாகவே இருந்தன.

மே மாதத்தில் மிச்சமிருந்த விடுப்பு முழுவதையும் சிரில் எடுத்துத் தீர்த்தார். இரவில் அமலா தூங்க, அவர் கட்டிலடியில் பாய் விரித்து, பெட்டியின் மூச்சைக் கேட்டபடி படுத்திருந்தார். அந்த இரண்டு வாரத்தில் கரண்ட் பல தடவை போனது. ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து சிலிண்டரைத் திறந்தார். அவள் பாதித் தூக்கத்தில், “இந்தாளுக்கு டூட்டி வூட்லயே போட்டுட்டாங்க,” என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஜூன் மாதப் பட்டியல் மே 30 மாலை வந்தது. மஞ்சுநாத் தாமே போனில் கூப்பிட்டார். “சிரில், நோடிதியா? பாத்தியா? கொறஞ்சிருக்கு. நான் கைத்திருத்தம் ரெண்டும் உனக்கே போட்டேன்,” என்றார். சிரில் நன்றி சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்தார். கட்டிலில் இருந்து அமலா தலையைத் தூக்கினாள்.

“எத்தினி?”

இரவுப் பணி: 11.